அப்பாவுக்கு மட்டும் பொன்னாடை

காலை ஏழு மணிக்குள் கனகலிங்கம் மூன்றாவது வேட்டியையும் மாற்றிவிட்டார். இஸ்திரிப் பெட்டியால் வேட்டி மினுக்கிக் கொடுப்பதா, பிட்டு அவிப்பதா என்று மனைவி விமலேஸ்வரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மகள் தேனுகா இப்போது பேர்பெற்ற பொப் பாடகி. ஸ்கந்தபுரம் சனசமூக நிலையத்தில் இன்று அவளுக்குப் பாராட்டு விழா. பெற்றோர் இருவருக்கும் பொன்னாடை போர்த்துவதுதான் வழக்கம். அவளோ, அப்பாவுக்கு மட்டும் போதும் என்று சொல்லிவிட்டாள்.

காரணம் ஊருக்கே தெரியும். எட்டு வயதில் படத்தில் நடித்து எல்லோரையும் அழவைத்த பிள்ளை அவள். இரண்டு வருடம் கழித்து அடுத்த படத்துக்குக் கேட்டு வந்தவர்களை அம்மா வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டாளாம். பிறகு பாடித்தான் முன்னுக்கு வந்தாளாம். போன மாதப் பேட்டியிலும் இதைச் சொல்லி அழுதிருந்தாள்.

அனுப்பச் சொன்னவர் இந்த வேட்டிக்காரர்தான்! குமராகப் போகிற பிள்ளையைக் கூத்தாட விடுகிறாயா என்று தன் அக்கா நாகேஸ்வரி கேட்டதும் பயந்துபோனார். மகள் தன்னை வெறுத்துவிடுவாளே என்று பழியை மனைவி தலையில் போட்டார். அவளும் பதின்மூன்று வருடமாகச் சுமக்கிறாள்...

“இஞ்சேர், இந்தக் கரை எடுப்பா இருக்கோ?”

விமலேஸ்வரி தேங்காய் துருவியைத் தள்ளிவிட்டு எழும்பினாள். “எல்லாம் வடிவாத்தான் இருக்கு. பிள்ளைக்கு ஒருக்கா உண்மையைச் சொல்லுங்கோ. இல்லாட்டி நான் விழாவுக்கு வரேல்லை.”

கடைசி வசனம் மட்டும்தான் அறையிலிருந்து வந்த தேனுகாவின் காதில் விழுந்தது. “நான் முன்னுக்கு வாறது உங்களுக்கு எண்டைக்கம்மா பிடிச்சது?” என்று கேட்டுவிட்டுத் தகப்பனோடு போய்விட்டாள்.

நிலையத்து ஒலிபெருக்கி வயல் தாண்டி, விமலேஸ்வரி சமைத்துக்கொண்டிருந்த குசினி வரை கேட்டது. வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை என்று உயிரை எடுத்தார்கள். பிறகு கனகலிங்கத்தின் குரல். இருமினார். தண்ணீர் கேட்டார். மைக் கிடைத்தால் விடாத மனுசன் இன்று திணறினார்.

“இதை எனக்குப் போர்த்தாதேங்கோ... அண்டைக்குப் படத்துக்கு விடமாட்டன் எண்டது நான். பயத்தில மனுசியின்ர தலையில போட்டனான்.”

விமலேஸ்வரி அடுப்படியில் குந்தியிருந்து அழுதாள். இந்த இரண்டு வரியைச் சொல்ல ஒரு மனுசனுக்குப் பதின்மூன்று வருடமா என்ற ஆத்திரத்தில்தான் அழுதாள்.

பத்து நிமிடத்தில் மேடைச் சேலையோடு ஓடிவந்த தேனுகா தாயின் மடியில் முகத்தைப் புதைத்தாள். “ஏனம்மா எனக்குச் சொல்லேல்லை?”

“அப்பாவை வெறுத்தா நீ உடைஞ்சுபோயிருப்பாய். என்னோட எவ்வளவு கோவிச்சாலும், பசிச்சா என்னட்டத்தானே வருவாய்...”

மகள் விம்மி விம்மி அவளை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். வாசலில் கனகலிங்கம் உள்ளே வரலாமா என்று தெரியாமல் நின்றார். விமலேஸ்வரி கண்டாள். மகளை அணைத்த கையை எடுக்காமல், கொஞ்ச நேரம் வெயிலில் நிற்கட்டும் என்று விட்டுவிட்டாள்.