வீட்டுக்கு வழுக்கை விழுந்த கதை

தேனுஜா வீட்டு வாசலுக்கு மேலே பல் முளைத்திருந்தது. கூரை விளிம்பில் ஈட்டி ஈட்டியாகப் பனிக்கட்டிகள் தொங்கின. அவற்றுள் ஒன்று தம்பி மதீசனைவிட நீளம்.

"நேற்றுத்தானே தும்புத்தடியால தட்டி விழுத்தினன். திரும்ப முளைச்சிட்டுது," என்றார் அப்பா.

"தோட்டத்தில நீங்கள் நட்டது ஒன்றும் முளைக்கேல்லை. இதாவது முளைக்கட்டும்," என்றார் அம்மா.

அப்பா சிரிக்கவில்லை. "இது ஆரின்ர தலையிலயும் விழுந்தால் என்ன செய்யிறது? வேற வாசலும் இல்லை. சனிக்கிழமை ஒருத்தரையும் கூப்பிட ஏலாது, பிள்ளை."

சனிக்கிழமை தேனுஜாவுக்குப் பத்தாவது பிறந்தநாள். தமிழ்ப் பள்ளித் தோழிகள் எல்லாரையும் அவள் ஏற்கெனவே அழைத்துவிட்டாள்.

மறுநாள் பள்ளியிலிருந்து வந்தவள், வாசலுக்குப் போகாமல் தெருவின் எதிர்ப்பக்கத்தில் நின்று வீட்டை அண்ணாந்து பார்த்தாள். எசன் நகரத்தின் அந்தத் தெருவில் எல்லாக் கூரைகளும் வெள்ளைப் போர்வை போர்த்தியிருந்தன. அவர்கள் வீட்டுக் கூரையின் நடுவில் மட்டும் பனி உருகி, கறுப்பு ஓடு வட்டமாகத் தெரிந்தது. அப்பாவின் உச்சந்தலை மாதிரியே.

எல்லாருக்கும் விழுந்தது ஒரே பனிதானே? எங்கள் வீட்டில் மட்டும் ஏன் உருகுகிறது?

உள்ளே ஓடி, கூரைக்கு அடியில் இருந்த பரண் அறைக் கதவைத் திறந்தாள். வைகாசி வெயில்போல் சூடு முகத்தில் அடித்தது. தட்டுத் தட்டாக மோர்மிளகாய் பரப்பியிருந்தது. நடுவில் மின்சார ஹீட்டர் ஒன்று சிவந்து எரிந்துகொண்டிருந்தது.

"அம்மா, இங்கை வாங்கோ."

"மிளகாயைத் தொடாதை, கண் எரியும்," என்றபடி அம்மா ஏறி வந்தார். "மார்கழியில வெயிலுக்கு நான் எங்கை போறது? அதுதான் ஹீட்டர் வைச்சனான்."

"இந்தச் சூட்டிலதான் கூரையில பனி உருகுது, அம்மா. தண்ணி கீழ ஓடிப் போகுது. விளிம்புக்கு அடியில அறை இல்லை, சூடும் இல்லை. அங்கை போனதும் உறைஞ்சுபோகுது."

பின்னால் வந்து நின்ற அப்பா தலையைச் சொறிந்தார். "அப்ப நாங்கள் இவ்வளவு நாளும் மிளகாய் காயவைக்கேல்லை. பனிக்கட்டி செய்திருக்கிறம்."

ஹீட்டர் அணைந்தது. மிளகாய்த் தட்டுகள் சமையலறைக்கு இறங்கின. வீடு முழுக்கத் தும்மல்.

இனிப் புதுக்கட்டி வராது. ஆனால் பழையது கூரைத் தண்ணீர் வழிந்தோடும் பீலியை அடைத்துக்கொண்டு அப்படியே கிடந்தது.

"சுத்தியலால அடிச்சுப் பார்க்கவோ?" என்றார் அப்பா.

"ஓடும் சேர்ந்து உடையும், அப்பா. உப்புப் போட்டால் பனி கரையும்தானே? உங்கட நீளச் சொக்ஸைத் தாங்கோ."

அப்பாவின் உதைபந்தாட்டக் காலுறைகளில் கல்லுப்பை நிரப்பி, கயிறு கட்டினார்கள். கட்டிகளுக்குக் கீழே யாரும் போகாதபடி நாற்காலிகளை வைத்து மறித்தார்கள். அப்பா கூரை ஜன்னலுக்குள் நின்றபடி கயிற்றை மெல்ல இறக்கினார். தேனுஜா எதிர்ப்பக்கத்தில் நின்று கைகாட்டினாள்.

"இடப்பக்கம் கொஞ்சம், அப்பா. இன்னும் கொஞ்சம். அப்பிடியே விடுங்கோ."

இரண்டு காலுறைகளும் பனிக்கட்டியின் மேல் குறுக்காகப் படுத்துக்கொண்டன.

அடுத்த நாள் பின்னேரம் கட்டியில் வாய்க்கால் விழுந்து, பீலியில் தண்ணீர் சலசலத்தது. பிறகு தொம், தொம் என்று பல்லெல்லாம் விழுந்தன. மதீசன் உள்ளே நின்று ஒவ்வொன்றுக்கும் கை தட்டினான்.

வெள்ளி இரவு மறுபடியும் பனி பெய்தது. சனிக்கிழமை தோழிகள் வந்தபோது, தேனுஜா அவர்களை வாசலுக்கு வெளியிலேயே நிறுத்தினாள்.

"முதல்ல எங்கட கூரையைப் பாருங்கோ."

ஹரிப்ரியா அண்ணாந்து பார்த்தாள். "என்ன இருக்கு? எல்லா வீடும் மாதிரித்தானே இருக்கு."

"ஓம்," என்றாள் தேனுஜா, தலையை நிமிர்த்தி. "எல்லா வீடும் மாதிரித்தான் இருக்கு."