ஊட்டுக்கு வாங்க

அரபியில் வெறும் "ஒன்று" என்றுதான் இருந்தது. அதற்குப் போய்க் கணினி "மகிழ்ச்சி, முப்பது சதவீதம்" என்று போட்டிருந்தது. ஒற்றை எண்ணில் என்ன மகிழ்ச்சியைக் கண்டதோ இந்தச் சனியன் என்று நசீபா அலுத்துக்கொண்டாள்.

ரியாத்தில் பள்ளிப்படிப்பை முடித்தவளுக்கு அரபி தண்ணீர் பட்ட பாடு. முகம் தெரியாதவர்கள் இணையத்தில் எழுதும் அரபிப் பதிவுகளில் இருப்பது மகிழ்ச்சியா, துயரமா, அச்சமா என்று கண்டுபிடிக்கக் கணினியைப் பழக்குவதுதான் அவள் வேலை. அது தப்பாகச் சொன்னால் இவள் திருத்துவாள், அது கற்றுக்கொள்ளும். சாயங்காலம் நாலு மணிக்கே செம்மேட்டில் பனி இறங்கி, ஈரமண்ணும் மிளகுக்கொடியும் கலந்த வாசனையோடு சன்னல் கம்பிகளுக்குள் புகுந்து, மேசையையும் விரல்களையும் சில்லிட வைத்துக்கொண்டிருந்தது. சேந்தமங்கலத்தில் மிளகு மூட்டையைப் போடப் பைக்கில் போன கணவன் ரமீஸ் இன்னும் திரும்பவில்லை.

"இரண்டு." "மூன்று." எழுதியவனின் பெயரை அப்போதுதான் பார்த்தாள்.

போன வாரம் இவன்தான் "எனக்கு யாருமில்லை, எந்தக் கதவும் திறப்பதில்லை" என்று எழுதியிருந்தான். துயரம் என்று குறித்துவிட்டுப் போயிருக்கலாம். யாருக்கும் பதில் எழுதக் கூடாது என்று கம்பெனியில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். மனசு கேட்கவில்லை. 'எங்கள் வீட்டுக்கு வாருங்கள். கொல்லிமலையில் எழுபது வளைவு தாண்டினால் செம்மேடு' என்று எழுதிவிட்டாள். நிஜமாகவே வந்து நிற்பார்கள் என்று நினைத்தா இந்தப் பக்கத்தில் எல்லோரையும் ஊட்டுக்கு வாங்க என்கிறோம்!

"இருபத்திரண்டு. முன்னால் இருப்பவன் திரும்பிப் பார்க்கவில்லை." மகிழ்ச்சி, ஐம்பத்தைந்து.

ரமீஸுக்குப் போன் போட்டாள்.

"ஏனுங்க, எங்க இருக்கீங்க?"

"இருபத்தஞ்சாவது வளைவு, கண்ணு. மழை புடிச்சுக்கிச்சு. ஓரங்கட்டி நிக்கிறேன்."

"தனியாத்தான வாரீங்க?"

"பின்ன? மூட்டைய எறக்கியாச்சு. ஆனா வண்டிதான் மூட்டையோட ஏறுற மாதிரி திணறுது."

"திரும்பிப் பாக்காதீங்க. நேரா ஊட்டுக்கு வாங்க."

சொன்ன பிறகுதான் உறைத்தது. திரையில் புதிய பதிவு வந்திருந்தது.

"மறுபடியும் வாங்க என்கிறாள். அல்ஹம்துலில்லாஹ்." மகிழ்ச்சி, எழுபது.

அச்சம் என்று திருத்தினாள். அது மகிழ்ச்சி என்று மாற்றிக்கொண்டது. மறுபடி திருத்தினாள். மறுபடி மாறியது. ரமீஸ் போனை எடுக்கவில்லை. தகரக் கூரையில் மழை. வேறு சத்தமே இல்லை.

"அறுபத்தெட்டு."

"அறுபத்தொன்பது."

"எழுபது."

அப்புறம் எதுவும் வரவில்லை.

வாசலில் வண்டிச் சத்தம். தாழ்ப்பாளில் கை வைத்தபடி நின்றாள்.

"நசீபா, கதவத் தெற. வெறைக்குது."

ரமீஸின் குரல்தான். எப்படித் திறக்காமல் இருப்பாள்? திறந்தாள்.

அவன்தான். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. செருப்பைக் கழற்றத் திரும்பினான். முதுகு முழுக்கக் காய்ந்து கிடந்தது. மறுபடி இவள் பக்கம் திரும்பினான். தொப்பலாக நனைந்த சட்டையில், வயிற்றின் குறுக்கே மட்டும் இரண்டு கை அகலத்துக்கு ஈரமே இல்லை.

"என்ன கண்ணு அப்படிப் பாக்கற?"

உள்ளே கணினி மணி அடித்தது. எட்டிப் பார்த்தாள்.

"கதவு திறந்தது." மகிழ்ச்சி, நூறு.

அவன் சட்டையில் காய்ந்திருந்த இடம் மெல்ல நனையத் தொடங்கியது.

நசீபாவின் வயிற்றின் குறுக்கே புடவை அழுந்தியது. பின்னாலிருந்து. இரண்டு கை அகலத்துக்கு.