மூச்சு வாங்கும் தரை

வாருங்கள் கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். பயமாக இருந்தால் பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொள்ளலாம், தப்பில்லை. பட்டப்பகலில் நடந்த கதை ஒன்று சொல்கிறேன். பேய் என்றால் இருட்டில்தான் வரும் என்று உங்களுக்கு யார் சொன்னது?

கூட வேலை செய்கிறவர்கள் அவளைக் காற்றுக்காரி என்றே கூப்பிடுவார்கள். கம்ப்யூட்டர்கள் அலமாரி அலமாரியாக நின்று ஓயாமல் ஓடும் அறைகள் இருக்கின்றன அல்லவா, அங்கேதான் அவளுக்கு வேலை. ஓடினால் சூடாகும், சூடானால் நின்றுபோகும். அதனால் தரைக்கு அடியில் ஆள் தவழும் உயரத்துக்கு இடம் விட்டு, அதில் குளிர்ந்த காற்றை அடைத்து, துளைப் பலகைகள் வழியாக அலமாரிகளின் முகத்தில் ஊதவிடுவார்கள். முதுகுப் பக்கம் வரும் வெந்த காற்றைக் கண்ணாடிக் கதவு போட்ட சந்துக்குள் பிடித்து மேலே உறிஞ்சிவிடுவார்கள். இரண்டும் கலக்கக் கூடாது. கலக்காமல் பார்த்துக்கொள்வதுதான் அவள் பிழைப்பு. ஓட்டையைக் கண்டால் அவளுக்குக் கை நமநமக்கும்.

அன்றைக்கு வேனை ஓட்டி வந்தவன் அவள் கொழுந்தன். வீட்டில் மாமியாரிடம் பால் மறக்காத பிள்ளையை விட்டுவிட்டு வந்திருந்தாள். வெயில் தாழ்வதற்குள் திரும்பிவிட வேண்டும்.

"எல்லா ஓட்டையும் அடைக்கிறீங்க அண்ணி. எங்க அண்ணன் வாயை மட்டும் உங்களால அடைக்க முடியலையே."

"உங்க வாய்க்கும் சேர்த்துத்தான் தகடு கொண்டுவந்திருக்கேன், தம்பி. பேசாம பெட்டியைத் தூக்குங்க."

அறையின் பொறுப்பாளர் கோடையிலும் ஸ்வெட்டரைக் கழற்றாத மனிதர். கொழுந்தன் அவருக்கு அப்போதே ஸ்வெட்டர் சார் என்று பெயர் வைத்துவிட்டான்.

"கடைசி அலமாரிங்க மட்டும் கொதிக்குதும்மா. எத்தனை ஏசி சேர்த்தாலும் அப்படியேதான்," என்றார் அவர். கிளம்பும்போது கதவருகில் நின்று தயங்கினார். "சந்துக்குள்ள கடைசியில, தரையில ஒரு ஓட்டை இருக்கும். அதை மட்டும் விட்டுடுங்க."

"ஏன் சார்?"

"எனக்கு முன்னாடி இருந்தவர் விட்டு வெச்சிருந்தார். நானும் விட்டுட்டேன்." தரையைப் பார்த்தபடியே சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

விட்டுவிடுகிற பெண்ணா அவள்?

அலமாரிகளின் காலி இடங்களுக்கெல்லாம் தகடு போட்டார்கள். பிறகு கொழுந்தனை வெளியே, அலமாரிகளின் சூட்டைக் காட்டும் கம்ப்யூட்டர் திரைக்கு முன்னால் உட்கார வைத்துவிட்டு அவள் மட்டும் சந்துக்குள் போனாள். கதவு பின்னால் சாத்திக்கொண்டது. அடுப்பில் ஏற்றி மறந்துபோன பாத்திரம் மாதிரி காந்தியது அந்த இடம். இரண்டு பக்கமும் விசிறிகளின் இரைச்சல். சூடேறிய பிளாஸ்டிக் வாடை. அதற்கும் கீழே, சம்பந்தமே இல்லாமல், ஈர சிமெண்டின் வாடை.

ஓட்டை கடைசியில் இருந்தது. ஒரு கை நுழையும் அளவு.

மெல்லிய காகிதக் கீற்று ஒன்றை நூலில் கட்டி அதன் மேல் பிடித்தாள். தரைக்கு அடியில் இருப்பது அழுத்திவைத்த காற்று. கீற்றை மேலே தள்ளத்தான் வேண்டும்.

கீற்று உள்ளே போனது.

பிறகு வெளியே வந்தது.

பிறகு, மெதுவாக, மறுபடி உள்ளே போனது.

ஏதோ சுழல் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். தகட்டை வைத்தாள், ஸ்பாஞ்ச் பட்டையை ஒட்டினாள், திருகாணிகளை இறுக்கினாள். போனில் கொழுந்தனைக் கூப்பிட்டாள்.

"இறங்குது அண்ணி, மடமடன்னு இறங்குது. ஸ்வெட்டர் சார் இனிமே ரெண்டு ஸ்வெட்டர் போடணும்."

சிரித்துக்கொண்டே எழுந்து போய்க் கதவைத் தள்ளினாள்.

கதவு அசையவில்லை.

அவளுக்குக் காரணம் தெரியும். இடுக்கு இல்லாமல் அடைத்துவிட்டோம், மேல் விசிறி உறிஞ்சுகிறது, கதவு ஒட்டிக்கொண்டது. "தம்பி, மேல் விசிறியை நிறுத்துங்க. கதவு தானா விட்டுடும்."

விசிறி நின்றது. கதவு விடவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கொழுந்தன் கைப்பிடியைப் பிடித்துத் தொங்குவது தெரிந்தது. அவன் முகத்தில் கேலி போய்விட்டிருந்தது.

விசிறி நின்றதும் சூடு அவள் தலைமேல் இறங்க ஆரம்பித்தது. மறுபடி போடச் சொல்லிக் கத்தினாள். போட்டான், ஓடவில்லை. நாக்கு வறண்டது. பிள்ளைக்குப் பால் கொடுக்கும் நேரம் தப்பி மார் கனத்து வலித்தது. இங்கேயே வெந்துபோவேனோ, பிள்ளை அழுதுகொண்டே தூங்கிவிடுமோ என்று நினைத்தபோதுதான் அது கேட்டது.

தட்டும் சத்தம்.

கதவில் இல்லை. காலுக்கு அடியில்.

பலமாகக்கூட இல்லை. தட்டித் தட்டி அலுத்துப்போன கை மாதிரி, விட்டு விட்டு.

"யாரு?" என்றாள், குரலே இல்லாமல்.

தட்டுவது நின்றது. பலகைகளின் அடிப்பக்கத்தை எதுவோ உரசிக்கொண்டு, அவள் நின்ற இடத்திலிருந்து அந்த ஓட்டையை நோக்கி நகர்ந்தது. ஊர்ந்து போவது போல. நிமிர இடமில்லாத ஒருவர் போவது போல.

அவளுக்கு அப்போது புரிந்தது. கண்ணுகளா, அவள் அடைத்தது காற்றை அல்ல.

மண்டியிட்டு, திருகாணிகளைக் கழற்றினாள். தகடு விலகியதும் கீழேயிருந்து ஒரு மூச்சு இழுக்கப்பட்டது. எவ்வளவு நீளம் தெரியுமா? அவள் தலைமுடி மொத்தமும் முன்னால் சரிந்து ஓட்டைக்குள் போகும் அளவுக்கு நீளம்.

ஓடிவிடலாம் என்றால் கதவு விடாது. அழும் பிள்ளையிடம் பேசிப் பேசிப் பழகிய வாய் அவளுக்கு. அதுவாகவே சொல்லிவிட்டது.

"வா. ரெண்டு பேரும் போயிடலாம்."

கதவு திறந்துகொண்டது.

கொழுந்தன் பின்புறமாக விழுந்தான். அவள் அவனைத் தாண்டி ஓடினாள். யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல், பெட்டியைக்கூட எடுக்காமல் இருவரும் வேனில் ஏறினார்கள். நடு சீட்டைக் காலியாக விட்டு, அவள் ஜன்னலோரம் ஒடுங்கி, முகத்தை வெளியே நீட்டியபடி வந்தாள். திரும்பிப் பார்க்கத் துணிவில்லை.

தெருமுனை திரும்பும்போது கொழுந்தன் தோளைக் குலுக்கினான்.

"விளையாடாதீங்க அண்ணி. கழுத்துல ஊதாதீங்க, சில்லுன்னு இருக்கு."

அவள் திரும்பாமலே சொன்னாள். "தம்பி, வண்டியை நிறுத்துங்க."

"வீடுதான் வந்துடுச்சே, அண்ணி," என்றான் அவன்.

உங்கள் வீட்டில் தூங்கும் பிள்ளைகளின் மூச்சு சீராக ஓடட்டும், கண்ணுகளா. காலையில் உங்கள் வாசலைத் தாண்டி எத்தனை பேர் போனார்களோ, மாலையில் அத்தனை பேர் மட்டுமே திரும்பி வரட்டும்.