ஷட்டரை இழுக்கும் முன்

விழுப்புரம் பழைய பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் மர்ஜான் காம்ப்ளக்ஸின் கீழ்த்தளத்தில், மழைக்காலம் தொடங்குவதற்குச் சற்று முன்பு பர்வீன் கடை பிடித்தாள். நைட்டி, சுடிதார், குழந்தைகளுக்கான உடுப்பு. கணவன் ஷார்ஜாவில் இருந்தான். நாலு வயது ஸாலிஹாவோடு வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்க அவளுக்கு மனமில்லை.

கட்டடம் கோட்டக்குப்பத்து அப்துல் ஹக்கீமுடையது. பள்ளமான இடத்தில் அவர் அதைக் கட்டியபோது ஊரில் இதுபோல் வேறொன்று கிடையாது. காணை, கண்டாச்சிபுரம் பக்கத்திலிருந்து மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மூட்டையோடு வந்தவர்கள், மூட்டையை மார்க்கெட் கமிட்டியில் விற்பனைக்கு இறக்கிவிட்டு நேராக இங்கேதான் வருவார்கள். கல்யாணத்துக்குத் துணி எடுப்பதும், மாடி போட்டோ ஸ்டூடியோ வாசலில் பெண்ணையும் மாப்பிள்ளையையும் தற்செயல்போல் பார்க்க வைப்பதும் இங்கேதான். கைக்குழந்தைக்காரிகள் கீழ்த்தளத்துக்கு இறங்கிவிடுவார்கள். அங்கே வெயில் வராது, தரை குளிர்ச்சியாக இருக்கும். பால் கொடுத்துவிட்டு, பேருந்து வரும்வரை ஒரு தூக்கம் போடலாம்.

கடை திறந்த முதல் நாள் சாயங்காலம் பர்வீன் ஷட்டரில் கை வைத்தபோது, எதிரே பேன்சி ஸ்டோர் வைத்திருந்த இருதயமேரி சத்தம் போட்டாள்.

"இரு, இரு பர்வீனு. அப்டியே இழுத்துடாத. உள்ள பாத்துக் கூப்புடு."

"யார மேரிக்கா?"

"யாரையோ. 'யாராச்சும் இருக்கீங்களா, மூடப் போறோம்'னு ஒரு வாட்டி கேட்டுட்டு இழு. இந்த காம்ப்ளக்ஸ்ல எல்லாரும் அப்டித்தான்."

ஏன் என்று கேட்டதற்கு, வளையல் பெட்டியை அடுக்கிக்கொண்டே மேரி சொன்னாள்.

"அம்சான்னு ஒருத்தி. காணைப் பக்கம். அவ புருஷன் மல்லாட்டை போட்டுட்டு கமிட்டில காத்துக்கினு இருந்தான். இவ பால்குடி மறக்காத பொண்ணு கைய புடிச்சிக்கினு இங்க வந்து, அந்தக் கோடி குடோன்ல படுத்துட்டா. திடீர்னு புயலு. ஆளாளுக்கு ஜல்தி ஜல்தின்னு இழுத்துப் பூட்டிக்கினு ஓடிட்டாங்க. ஒருத்தரும் உள்ள பாக்கல. தண்ணி வடிஞ்சி தெறந்தப்ப ரெண்டு பேரும்..." மேரி சிலுவை போட்டுக்கொண்டாள். "அந்தக் குடோன்தான் இப்ப உன் ட்ரையல் ரூமு. பயந்துக்காத. வந்து நிக்கறவளா இருந்தா இத்தினி வருசத்துல எங்கிட்ட ஒரு டஜன் வளையலாச்சும் வாங்கிருப்பா!"

"பதில் வந்தா என்னக்கா பண்ணுவீங்க?"

"பதில் வர்ற வரைக்கும் எவ நின்னா?"

அது உண்மைதான். பர்வீன் கவனித்தாள். எல்லாக் கடைக்காரர்களும் கூப்பிட்டார்கள். ஆனால் கூப்பிடும்போதே ஷட்டர் பாதி இறங்கியிருக்கும். கேட்பது பழக்கமாகியிருந்தது. காது கொடுப்பது அந்தப் பழக்கத்தில் இல்லை.

பர்வீனால் அப்படி முடியவில்லை. கூப்பிட்டுவிட்டு ஒரு மூச்சு நேரம் நிற்பாள். ட்ரையல் ரூம் திரைக்குப் பின்னால் ஒரு பாயும் ஒரு குடம் தண்ணீரும் வைத்தாள். அம்சாவுக்குப் பிறகு வராமலிருந்த கைக்குழந்தைக்காரிகள் மறுபடி வரத் தொடங்கினார்கள். அதில் அவளுக்கு ஒரு நிறைவு. சில காலைகளில் மட்டும், கடையைத் திறந்தால் பாய் ஈரமாக இருக்கும். நனைந்த சாக்கின் வாடை அடிக்கும். சுவரின் ஓதம் என்று எண்ணிப் பாயை வெயிலில் போட்டுவிடுவாள்.

கார்த்திகையில் புயல் எச்சரிக்கை வந்தது. பள்ளிக்கூடம் விடுமுறை என்பதால் ஸாலிஹாவையும் கடைக்கு அழைத்து வந்திருந்தாள். மதியச் சாப்பாடு முடிந்த கொஞ்ச நேரத்தில் வானம் கறுத்தது. மழை கொட்டியது. படிக்கட்டின் உச்சியிலிருந்து ஹக்கீம் கத்தினார்.

"ஏரி ஒடைஞ்சிட்டுதாம்! கீழ இருக்கறவங்கல்லாம் மேல வாங்க, ஜல்தி!"

மின்சாரம் போயிற்று.

படிகளில் தண்ணீர் இறங்கும் சத்தம் கேட்டது. முதலில் சலசலப்பு, பிறகு பெரிய அண்டாவைக் கவிழ்த்ததுபோல. பர்வீன் இருட்டில் கையை நீட்டினாள்.

"பாப்பா, ஓடி வா."

சின்ன விரல்கள் வந்து அவள் வலது உள்ளங்கைக்குள் புகுந்துகொண்டன. ஜில்லென்று இருந்தன. மழைத் தண்ணீரில் விளையாடியிருக்கிறாள். திட்ட நேரமில்லை. கடை வாசலுக்கு வருவதற்குள் தண்ணீர் கணுக்காலைத் தொட்டது. படிக்கட்டு ஓரத்தில் மேரி செல்போன் வெளிச்சத்தோடு நின்றிருந்தாள்.

"இழுத்துட்டு வாடி!"

பர்வீன் இடது கையால் ஷட்டரைப் பிடித்தாள். பழக்கம் விடவில்லை.

"யாராச்சும் இருக்கீங்களா? மூடப் போறோம்."

ஒரு மூச்சு நேரம் நின்றாள்.

"இருக்கோம் க்கா."

மெல்லிய பெண்குரல். கோடியிலிருந்து வந்தது.

மேரி ஒரு படி மேலே ஏறிவிட்டாள். அவளுக்கும் கேட்டிருந்தது.

"இயேசுவே... பர்வீனு, இழுத்துடு. அது மனுசக் குரலு இல்ல. திரும்பிப் பாக்காத. இழு."

"கொழந்த தூங்குது க்கா," என்றது குரல். "மூடிடாதீங்க."

 தண்ணீர் கெண்டைக்காலுக்கு ஏறியது. இத்தனை வருடமாக ஊரே இந்தக் கேள்வியைக் கேட்டு வந்திருக்கிறது. பதில் கேட்டபின்னும் இழுத்துவிட்டால், அது அன்றைக்குச் செய்த பிழை ஆகாது. இன்று செய்யும் பாவம். உள்ளே இருப்பது உயிரோ உயிரற்றதோ, மூடாதே என்று கேட்கிறது.

"நீங்க மேல போங்கக்கா," என்றாள். பிள்ளையையும் அவளோடு அனுப்பிவிட நினைத்து விரல்களைத் தளர்த்தினாள். சின்னக் கை விடவில்லை. பிஸ்மில்லாஹ் சொல்லிக்கொண்டு, அதையும் இழுத்துக்கொண்டே உள்ளே நடந்தாள்.

கோடிக்குப் போகப் போக ஆழம் கூடியது. நனைந்த சாக்கின் வாடை. அதனோடு தாய்ப்பாலின் வாடை.

இடது கையால் செல்போனை எடுத்து விளக்கைப் போட்டு, அந்தக் கையாலேயே திரையை விலக்கினாள்.

பாய் தரையில் இல்லை. நைட்டிக் கட்டுகளை யாரோ ஒன்றன்மேல் ஒன்றாக இடுப்பு உயரத்துக்கு அடுக்கி, அதன்மேல் பாயை விரித்திருந்தார்கள். பர்வீன் அடுக்கவில்லை.

பாயின்மேல் ஒரு பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது.

ஸாலிஹா.

வாயில் விரல் வைத்தபடி, ஒரு சொட்டு நனையாமல், தூங்கிக்கொண்டிருந்தாள்.

பர்வீனின் வலது கைக்குள் அந்தச் சின்ன விரல்கள் இன்னும் இருந்தன.

அவள் கீழே குனிந்து பார்க்கவில்லை.

செல்போன் நழுவித் தண்ணீரில் விழுந்தது. இருட்டில் தடவித் தடவி, ஸாலிஹாவை இடது தோளில் அள்ளிப் போட்டுக்கொண்டாள். யாரோ மிக அருகில் நின்று மூச்சு விட்டார்கள். அந்த மூச்சு பனிபோல அவள் காதில் பட்டது.

"அதையும் கூட்டிக்கினு போயிடு க்கா. இங்க தண்ணி வருது."

ஓடிவிட வேண்டும்போல் இருந்தது. உதறிவிட வேண்டும்போல் இருந்தது. ஆனால் தன் பிள்ளையின் சூடு தோளில் இருக்கையில், இன்னொருத்தி பெற்றதை எப்படி உதறுவது?

"வா ம்மா," என்றாள். குரல் வெளியே வந்ததா என்று அவளுக்கே தெரியவில்லை.

விரல்கள் இறுகின.

இடுப்பளவுத் தண்ணீரில் வாசலைக் கடந்தாள். வழுக்கும் படிகளில் ஏறினாள். பின்னால், தண்ணீருக்குள் சின்னக் கால்களும் ஏறும் சத்தம். ஹக்கீம் தோளைப் பிடித்து இழுத்து அவளை மேலே சேர்த்தார். வெளிச்சத்தில் பார்த்தாள். வலது கையில் ஒன்றுமில்லை.

பிடி மட்டும் விடவில்லை.

அன்று பொழுது சாய்வதற்குள் கீழ்த்தளம் கூரைவரை நிறைந்தது. தண்ணீரை இறைத்த பிறகு, ஹக்கீம் அந்தப் படிக்கட்டின் வாயைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டார். மாடியில் ஸ்டூடியோவுக்குப் பக்கத்தில் பர்வீனுக்கு வேறு கடை கொடுத்தார். மேரி அந்தக் குரலைப் பற்றி யாரிடமும் பேசவில்லை. பர்வீன் ஐந்து வேளைத் தொழுகையிலும் அம்சாவுக்காகத் துஆ கேட்டாள். பிள்ளைக்காகவும் கேட்டாள். அதன் பெயர்தான் அவளுக்குத் தெரியாது.

தை மாதம் ஒரு முற்பகல். வெயில் நன்றாக இருந்தது. ஸாலிஹா முன்னால் துள்ளி ஓட, பர்வீன் மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தாள். கண்டாச்சிபுரத்திலிருந்து துணி எடுக்க வந்த ஒரு பெண் படியோரத்தில் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தாள். பெயர் வெள்ளையம்மாள் என்று பிறகுதான் தெரிந்தது. ஸாலிஹாவைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு பர்வீனின் வலது கைப் பக்கம் பார்த்தாள். முகம் சுருங்கியது.

"ஏம்மா, பெரிய பொண்ணுக்கு இப்டி அழகா சீவி வுட்டுக்கிற. சின்னதுக்கு மட்டும் தலையெல்லாம் தண்ணி சொட்டச் சொட்ட இட்டுக்கினு வர்றியே. சளி புடிச்சிக்காதா? தொவட்டி வுடக் கூடாதா?"

பர்வீன் தன் வலது கையைப் பார்த்தாள்.

அப்புறம், மெதுவாக, அந்தப் படியிலேயே உட்கார்ந்தாள். முக்காட்டின் முனையை எடுத்துக் காற்றில் நீட்டி, ஒரு பிள்ளையின் தலை இருக்கும் உயரத்தில் மெல்லத் துவட்டினாள்.

துணி நனைந்தது.