செங் அண்ணனின் இருட்டறை

முதல் விதையைக் கண்டவள் சின்தனா. பூவைக் கத்தரித்துக்கொண்டிருந்தபோது விரலில் ஏதோ உறுத்தியது. பிரித்துப் பார்த்தாள். மிளகு அளவில் ஒரு கஞ்சா விதை. அடுத்த பூவிலும் விதை. அதற்கடுத்ததிலும். அவள் புருஷனைக் கூப்பிட்ட கூப்பாட்டில் எதிர்க்கடை நூடுல்ஸ்காரர் கரண்டியோடு ஓடி வந்தார்.

இந்த நாட்டில் கஞ்சா வளர்ப்பதும் விற்பதும் சட்டப்படி நடக்கும் தொழில். ஆனால் விதை விழுந்த பூவைச் சியாங் ராயில் எந்தக் கடையும் கையால் தொடாது. அவள் புருஷன் செங் தன் கஞ்சாக் கடையின் மாடி அறையில் வளர்த்தவை அத்தனையும் பெண் செடிகள். ஒரே தாய்ச்செடியிலிருந்து வெட்டி நட்ட குச்சிகள். ஆண் செடியே இல்லாத இடத்தில் விதை எப்படி வரும்? ஒரு வழி உண்டு. பூக்கும் பருவத்தில் செடிக்குப் பாதி நாள் கும்மிருட்டு வேண்டும். அந்த இருட்டில் வெளிச்சம் காட்டிக்கொண்டே இருந்தால் பெண் செடி மிரண்டு தானே ஆண் பூவும் பூத்துவிடும்.

யாரோ வெளிச்சம் காட்டியிருக்கிறார்கள். யார்? செங் மண்டையைக் குழப்பிக்கொள்ளவே இல்லை. அறைக்குச் சாவி இரண்டு. ஒன்று அவரிடம், மற்றது வேலைக்காரன் சாய் ஹானிடம். சாய் ஹான், போர் நடக்கும் பக்கத்து நாட்டிலிருந்து எல்லை தாண்டி வந்த ஷான் இன இளைஞன். போதாதா? அன்றே போலீஸில் புகார் கொடுத்தார். அன்றே முதலாளி என்ற முறையில் எழுதிக் கொடுத்து அவனுடைய வேலை அனுமதியையும் ரத்து செய்ய வைத்தார்.

மறுநாள் காலை 9.20. காவல் நிலையம்.

லெப்டினன்ட் துவாங்போன், சாய் ஹானை அடைத்திருந்த கம்பிக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்தாள்.

"பகல்ல அறையைத் தொறந்தியா?"

"இல்ல மேடம். சாயங்காலம் ஆறுக்கு விளக்கு எரியும், காலையில ஆறுக்கு அணையும். ராத்திரியில கரண்டு சல்லிசு. பகல்தான் செடிக்கு ராத்திரி. அப்ப நானும் தூங்கிருவேன்."

"போட்டிக் கடைக்காரன் காசு கீசு குடுத்தானா?"

"குடுத்திருந்தா இந்தச் செருப்பையா மேடம் போட்டுட்டிருப்பேன்?"

அவன் செருப்பின் வார் கம்பியால் கட்டப்பட்டிருந்தது. துவாங்போனுக்குச் சிரிப்பு வந்தது. சார்ஜென்ட் குனிந்து காதில் சொன்னதும் அது போய்விட்டது.

"அனுமதி போயிடுச்சு மேடம். நம்ம கேசு வேற, குடியேற்றத் துறை வேற. நாலு மணிக்கு வண்டி வருது. எல்லைப் பாலத்துக்கு அந்தப் பக்கம் விட்டுடுவாங்க."

பாலத்துக்கு அந்தப் பக்கம் இந்த வயதுப் பையன்களை இறங்கிய இடத்திலேயே பட்டாளத்துக்குப் பிடித்துப் போகிறார்கள். பெஞ்சில் உட்கார்ந்திருந்த அவன் மனைவி நாங் முய்க்கு அது தெரியும். எட்டு மாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"நாலு மணிக்குள்ள கண்டுபிடிச்சிருவீங்கல்ல மேடம்?"

"பார்க்கறேம்மா" என்றாள் துவாங்போன். 

காலை 10.15. மாடி அறை.

"இனிமே கெடறதுக்கு என்ன இருக்கு" என்று முனகியபடி செங் விளக்குகளைப் போட்டார். கண் கூசியது. ஈரப்பதக் கருவி, சுழலும் மின்விசிறிகள், ஏசி. பின் மூலையில், தரையோடு தரையாக, வாசலைப் பார்த்தபடி, சீனர்கள் கும்பிடும் நில தெய்வத்தின் சிவப்பு மாடம். அதன் முன் ஆரஞ்சுப் பழங்களும் தேநீர்க் கிண்ணங்களும். ஏசியில் எரியும் கடுகளவு புள்ளியின் மேலும் கறுப்பு டேப் ஒட்டியிருந்தது.

"ஒரு பொட்டு வெளிச்சம் விடல மேடம். எல்லாம் என் கையாலயே ஒட்டினேன். அந்தப் பய கதவைத் தொறந்து டார்ச் அடிச்சிருக்கான்!"

துவாங்போன் செடிகளுக்கிடையே குனிந்து நடந்தாள். காற்றில் மகரந்தம் பறந்ததால் விதை எல்லாச் செடியிலும் இருந்தது. ஆனால் மஞ்சள் நிற ஆண் பூக்கள் கதவோரச் செடிகளில் இல்லை. பின் சுவரோரம்தான் இருந்தன, அதுவும் கீழ்க்கிளைகளில்.

"போன தடவை விளைச்சல் எப்படி?"

"தங்கம்! அதே குச்சி, அதே விளக்கு, அதே ஆளு."

"இந்தத் தடவை சாமியைக்கூடக் கீழ்க் கடையிலேர்ந்து இங்க கொண்டாந்து வச்சோமே, அதுவும் கைவிட்டுடுச்சே" என்று சின்தனா மூக்கைச் சிந்தினாள்.

துவாங்போன் நேராகப் போட்டிக் கடைக்குப் போனாள். அங்கே பாதி நாள் வீணானது. "செங் அண்ணன்கிட்டதான் நானே குச்சி வாங்கறேன். அவர் படுத்துட்டா நானும் படுத்துருவேன்" என்றார் அந்த மனிதர். அது உண்மைதான். வண்டியைக் கிளப்பும்போதுதான் சின்தனாவின் புலம்பல் அவளுக்கு உறைத்தது.

மாலை 3.10. மீண்டும் மாடி.

"அண்ணே, உள்ள வாங்க. கதவைச் சாத்துங்க. விளக்கை அணைங்க."

"ஒண்ணும் தெரியலையே மேடம்."

"கண் பழகட்டும்."

பழகியது. பின் மூலையில் இலைகளின் அடிப்பக்கம் லேசாகச் சிவந்து தெரிந்தது. தரையில், மாடத்தின் இருபுறமும், புளியங்கொட்டை அளவில் இரண்டு சிவப்பு மின்விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன.

"டார்ச் அடிச்சிருந்தா கதவோரச் செடிதான் முதல்ல மிரண்டிருக்கும். மிரண்டது மூலைச் செடி, கீழ்க்கிளை. வெளிச்சம் தரையிலேர்ந்து வந்திருக்கு. இருட்டுல செடிக்கு ஆகவே ஆகாதது சிவப்பு வெளிச்சம். நீங்க உள்ள வரப்பல்லாம் பெரிய விளக்கு எரியும், அதனால இது எரியறது உங்க கண்ணுலயே படலை. யாரு வச்சது?"

"நான்தான். பணம் விளையற இடத்துல சாமி இருக்கணும்னு ஜோசியர் சொன்னாரு."

"கடுகளவு புள்ளிக்கெல்லாம் டேப் ஒட்டினீங்க. இதுக்கு ஏன் ஒட்டலை?"

"அது விளக்கா மேடம்? அது சாமி!"

"பயிரைக் கெடுத்தது நீங்கதாண்ணே."

செங் மாடத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். "அவனை நாளைக்கே வேலைக்கு வரச் சொல்லுங்க" என்றார். பெரிய மனது பண்ணுகிறாராம்.

துவாங்போன் நிலையத்துக்கு போன் போட்டாள்.

"மழை வருதுன்னு வண்டி ரெண்டு மணிக்கே வந்துடுச்சு மேடம்" என்றார் சார்ஜென்ட்.

குடியேற்றத் துறைக்குப் போட்டாள். ஒருவர் இன்னொருவரைக் கேட்கச் சொன்னார். அவர் மற்றொருவரை. கடைசியாகப் பேசியவர் மரியாதையாகவே சொன்னார்: "இப்பத்தான் பாலம் தாண்டினாங்க. அந்தப் பக்கம் கையெழுத்துப் போட்டு எடுத்துக்கிட்டாங்க." அவளுடைய அதிகாரம் பாலத்தின் பாதியோடு முடிகிறது. அவளுக்கு அழுகை வந்தது. சீருடையில் இருந்ததால் அடக்கிக்கொண்டாள்.

நிலையத்தில் நாங் முய் அதே பெஞ்சில் இருந்தாள்.

"கண்டுபிடிச்சிட்டீங்களா மேடம்?"

"கண்டுபிடிச்சிட்டேன். உன் புருஷன் மேல ஒரு தப்பும் இல்ல."

"தெரியும் மேடம்!" அவள் முகம் மலர்ந்தது. "அப்ப அவரைத் திரும்பக் கூட்டியாந்துருவீங்கல்ல?"

"அந்தப் பக்கம் எடுத்துக்கிட்டாங்கம்மா" என்றாள் துவாங்போன்.

நாங் முய்க்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் விடவில்லை. "பட்டாளத்துக்காரங்க கண்ணுல படாம எங்கயாச்சும் ஒளிஞ்சுக்கச் சொல்றேன். பாலத்துப் பக்கமே இருந்தா இந்தப் பக்கத்து டவர் கிடைக்கும்" என்று அவசரமாகத் தன் போனை எடுத்து அவன் எண்ணை அழுத்தினாள்.

மணி அடித்தது, துவாங்போனின் முதுகுக்குப் பின்னால் இருந்த இரும்பு அலமாரிக்குள்.

சார்ஜென்ட் அலமாரியைத் திறந்தார். சாட்சிப் பொருள் என்று எழுதிய பைக்குள் சாய் ஹானின் போன் ஒளிர்ந்து அதிர்ந்தது. "திருப்பிக் குடுக்க மறந்துட்டோம் மேடம்" என்றார் தலையைக் குனிந்தபடி.

நாங் முய் காதிலிருந்து போனை எடுக்கவில்லை.