வெதுவெதுத்த கிணறு

பம்பிலிருந்து கொட்டிய தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. தினேஸ்வரி சட்டென்று கையை எடுத்துக்கொண்டாள். வெயிலே படாமல், எத்தனையோ வருடங்கள் சிமெண்டுப் பலகைக்குக் கீழே மூடிக் கிடந்த தண்ணீர், கைக்குழந்தையைக் குளிப்பாட்டப் பதம் பார்த்து விளாவி வைத்ததைப் போன்ற சூட்டில் புல்லின் மேல் பரவி ஓடியது.

"ஏங்க, தண்ணி சூடா இருக்கு."

"பம்பு சூடாயிருக்கும்லா," என்றான் கனகராஜ், திரும்பிப் பார்க்காமல்.

சுங்காய் ஊருக்கு அப்பால் பழைய ரப்பர் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது கணவனும் மனைவியுமாக வாங்கிய நிலம் அது. புந்தோங் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு அடுத்த மாதம் இங்கே குடிவர வேண்டும். குழாய்த் தண்ணீர் இன்னும் இந்தப் பக்கம் வரவில்லை. கிணறு தேறினால்தான் வீடு. காலையில்தான் மேலே இருந்த பலகையை உடைத்திருந்தார்கள். தண்ணீர் வடிந்ததும், தூர்வார வந்த பத்துமலை மெழுகுவர்த்தியைக் கயிற்றில் இறக்கிப் பார்த்தான். சுடர் அணையவில்லை. "காத்து நல்லா இருக்குக்கா, பயப்படாதீங்க," என்று சிரித்துவிட்டு, இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு மண்வெட்டியோடு இறங்கினான்.

மத்தியானத்துக்குப் பிறகு பம்பை நிறுத்தினார்கள். அதன் இரைச்சல் ஓய்ந்ததும்தான் சுற்றியிருந்த செம்பனைக் காட்டில் ஒரு பறவைகூடக் கத்தவில்லை என்பது அவளுக்கு உறைத்தது. கப்பி கிறீச்சிட்டுக்கொண்டு வாளிகளை மேலே கொண்டுவந்தது. முதலில் கறுப்புச் சேறு வந்தது, பிறகு சிவப்பாக, கொழகொழவென்று. சேற்று வாடையே இல்லை. புந்தோங் சந்தையில் இறைச்சிக் கடையைக் கழுவிவிட்ட நேரத்தில் எழும் வாடை, அவள் தொண்டைவரை வந்து நின்றது.

"அண்ணே, கீழ மண்ணு இல்ல," பத்துமலையின் குரல் வந்தது. "மெத்துமெத்துன்னு இருக்கு."

"சரி, ஏறி வா பத்து. நாளைக்குப் பாத்துக்கலாம்."

"இருங்கண்ணே. ஒரு வெட்டு போட்டுப் பாக்குறேன்."

மண்வெட்டி இறங்கியது. கட்டையில் வைத்து ஆட்டுத் தொடையை வெட்டும் சத்தம் கேட்டது. கிணற்றின் செங்கற்கள் ஒரு முறை உள்வாங்கி, மறுபடி விரிந்ததைத் தினேஸ்வரி பார்த்தாள்.

"அண்ணே... தூக்குங்க."

பிறகு அலறல்.

"தூக்குண்ணே! கால விட மாட்டேங்குது!"

கனகராஜ் கயிற்றை இடது முன்கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு இழுத்தான். கீழிருந்தும் இழுத்தது. கிணற்றின் மேல் நிறுத்தியிருந்த இரும்புச் சட்டம் வளைந்தது. கப்பியோடு பிய்த்துக்கொண்டு உள்ளே விழுந்தது. அவன் நெஞ்சு கிணற்றுச் சுவரில் மோதியது. கயிறு சதையை அறுத்துக்கொண்டு இறங்க, முழங்கையிலிருந்து ரத்தம் சொட்டியது.

"தினேஸ்! வெட்டு! கயித்த வெட்டு!"

லாலாங் புல் வெட்டக் கொண்டுவந்த பாராங் கத்தியை எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள். குனிந்து பார்த்தாள். பத்துமலை மார்பளவு புதைந்திருந்தான். அவனைச் சுற்றிச் சிவப்பாக ஏதோ சுருங்கி, விரிந்து, சுருங்கியது. அவன் அவளை அண்ணாந்து பார்த்தான்.

"அக்கா, வேணாங்கா! வெட்டாதீங்கக்கா! அக்கா, என் பொண்..."

மூன்றாம் வெட்டில் கயிறு அறுந்தது. அவன் குரலும் அறுந்தது. பிறகு, விழுங்கும் சத்தம். ஒரே மிடறு.

கனகராஜ் மல்லாக்க விழுந்தான். அவன் கையில் சுற்றியபடி மிஞ்சிய துண்டுக் கயிற்றின் நுனி புல்லில் கிடந்தது. அவள் அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள். "முடிஞ்சிருச்சுங்க. முடிஞ்சிருச்சு."

கயிறு அசைந்தது.

மெல்ல மேலெழும்பியது. கிணற்றை நோக்கி நீண்டு விறைத்தது. வெட்டுப்பட்ட நுனி அந்தரத்தில் நின்றது. அதை எவரும் பிடித்திருக்கவில்லை.

கனகராஜ் புல்லில் சறுக்கத் தொடங்கினான். அவள் அவன் சட்டையைப் பிடித்தாள். கிழிந்தது. கயிற்றை அவிழ்க்கப் பார்த்தாள். அது சதைக்குள் போயிருந்தது. நகங்கள் பெயர்ந்தன. அவன் தோள் மூட்டு கழன்ற சத்தம் கேட்டது.

"கைய வெட்டு."

"ஐயோ, முடியாதுங்க."

"வெட்டுலா!"

முழங்கைக்குக் கீழே முதல் வெட்டு. எலும்பு தடுத்தது. இரண்டாவது. மூன்றாவது. கை தனியே புல்லில் இழுபட்டு, சுவரில் ஏறி, உள்ளே போனது. விழுந்த சத்தம் கேட்கவில்லை.

கிழிந்த சட்டையால் இறுக்கிக் கட்டினாள். அவன் அக்குளில் தோள் கொடுத்துக் காரை நோக்கி இழுத்துப் போனாள். பாராங் கத்தியைக் கீழே போட அவளுக்குத் தோன்றவில்லை. வாடை பின்னாலேயே வந்தது. கார்க் கதவைத் திறந்தாள்.

கனகராஜ் நின்றுவிட்டான்.

அவனுடைய வலது கால் தரையிலிருந்து தானாக எழும்பியது. அதைச் சுற்றி எதுவுமே இல்லை. முழங்கால் விறைத்தது. கால் நேராக, கிணற்றை நோக்கி நீண்டது.

அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் கையிலிருந்த பாராங் கத்தியைப் பார்த்தான்.