கையை எடுக்கலாமா

டோர்கில் சமையலறையில் காப்பி போட்டுக்கொண்டிருந்தபோது கூடத்தில் அந்த முனகல் நின்றது.

தேய்ந்து அடங்கவில்லை. முனகுகிறவரின் வாயை யாரோ பொத்தியது போல நின்றது. காலையிலிருந்து ஒலிபெருக்கிகள் இரண்டும் ஒரே சுருதியில் 'ம்ம்ம்' என்று அடித்தொண்டையில் இழுத்துக்கொண்டிருந்தன. ஜன்னலுக்கு வெளியே நவம்பர் மழை, வடிதாளில் சொட்டும் காப்பி, ஃப்ரிட்ஜின் பெருமூச்சு எல்லாம் அந்த முனகலின் மேல்தான் மிதந்துகொண்டிருந்தன. இப்போது அடியில் ஒன்றுமில்லை. காப்பிக் கோப்பையும் கையுமாகக் கூடத்து வாசலுக்குப் போனார். காலை உள்ளே வைத்ததும் முனகல் திரும்ப வந்தது.

வீட்டில் அவரைத் தவிர யாரும் இல்லை. ஏப்ரலிலிருந்து இல்லை.

டோர்கில் சாதாரண ஆள் இல்லை. அதை அவரே சொல்வார். ஸ்வென்போர் மேல்நிலைப் பள்ளியில் பௌதிகம் நடத்தி, தலைமையாசிரியராகி, ஓய்வு பெற்று, அதன் பிறகு முழுநேரக் காதாக ஆனவர். மாதம் ஒரு ஞாயிறு பிற்பகலில் அவர் கூடத்தில் இசை கேட்கும் வட்டம் கூடும். வருகிறவர்கள் வாசலில் காலணியைக் கழற்றுவது ஊர் வழக்கம். இங்கே கைக்கடிகாரத்தையும் கழற்றிக் கிண்ணத்தில் போட வேண்டும், அதன் டிக் டிக் வயலின்களைக் கெடுக்கிறதாம். ஒலிபெருக்கிக் கம்பிகள் தரையைத் தொட்டால் இசை கலங்கிவிடும் என்று ஒவ்வொரு கம்பிக்கும் அடியில் செர்ரி மரத்தில் செய்த குட்டிப் பாலங்கள். பல் டாக்டராக இருந்து ஓய்வு பெற்ற ஃப்ளெமிங்கை ஒருமுறை, ஸ்வெட்டர் உரசும் சத்தம் கேட்கிறது என்று, அதையும் கழற்ற வைத்தார். ஃப்ளெமிங் அதை மறக்கவில்லை.

இத்தனைக்கும் நடுவில் கொலுவிருந்தது ஒரு ஜெர்மானிய ஆம்ப்ளிஃபையர். முகம் பார்க்கலாம் போல மெருகேற்றிய உலோக மூடி. அதன் பிளக் டென்மார்க்கின் சுவர் சாக்கெட்டில் நுழையும், மின்சாரமும் வரும், எர்த் மட்டும் ஒட்டாது. இந்த நாட்டில் பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி; பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். முனகல் அதனால் வந்தது. கடையில் ஒரு பிளாஸ்டிக் அடாப்டர் வாங்கி நடுவில் மாட்டினால் தீர்ந்தது. ஆனால் வாஷிங் மெஷினுக்கு மாட்டுகிற சாமானைத் தன் ஆம்ப்ளிஃபையருக்கு மாட்ட டோர்கிலுக்கு மனம் வரவில்லை. வேறு வழி கண்டுபிடித்தார். மூடியின் மேல் வெறும் உள்ளங்கையை வைத்தால் முனகல் நின்றுவிடும், எடுத்தால் வந்துவிடும். இல்லாத எர்த்தின் வேலையை மனித உடம்பு பார்த்துக்கொள்கிறது. ஆனால் அவர் நடு நாற்காலியில் அல்லவா உட்கார வேண்டும்?

ஆகவே லிஸ்பெத்.

அவர் மனைவி ஒரு முக்காலியைப் போட்டு ஆம்ப்ளிஃபையரின் பக்கத்தில் உட்கார்ந்து மூடியில் கை வைத்திருப்பாள். "லிஸ்பெத் இசையை விரல் வழியாக் கேக்கிறா" என்று டோர்கில் விருந்தாளிகளிடம் சொல்வார். ஃப்ளெமிங்கின் மனைவி பெனெடிக்டே கண்ணைத் துடைத்துக்கொள்வாள்.

"டோர்கில், கையில சுருசுருங்குது."

"உன் கற்பனை. சும்மா இரு."

"எறும்பு ஊர்ற மாதிரி இருக்குப்பா. தோள் வரைக்கும் ஏறுது. கையை எடுக்கலாமா?"

"இந்தப் பக்கம் முடியட்டும்."

இசைத்தட்டின் ஒரு பக்கம் முடிந்தால் மறுபக்கம். குளிர்காலத்தில் அவள் உள்ளங்கை வெடித்துவிடும். கற்பூர வாசனை அடிக்கும் களிம்பைப் பூசிக்கொண்டு வந்து உட்காருவாள், மூடியில் கறை படாமல் துடைத்துவிட்டு. ஏப்ரலில் ஒரு காலையில் அவள் இதயம் தாளம் தப்பி நின்றது. வயதானால் நடப்பதுதான் என்றார் டாக்டர். டோர்கில் வேறெதுவும் கேட்டுக்கொள்ளவில்லை.

முக்காலியை அவர் மே மாதமே குப்பைக் கிடங்கில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டார். கம்பளத்தில் அதன் கால்கள் பதிந்த குழிகள் மட்டும் நிமிரவே இல்லை.

ஏப்ரலுக்குப் பிறகு முதன்முறையாகப் போன மாதம் வட்டம் கூடியபோது முனகலை எல்லோரும் கேட்டார்கள். ஃப்ளெமிங் கையைத் தூக்கினான். "என்னப்பா டோர்கில், வீட்டுக்குள்ள தேனீ வளக்கிறியா?" சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. "அடுத்த வாட்டியும் இப்படின்னா எங்க வீட்லயே வச்சுக்கலாம். எங்க வீட்ல ஸ்வெட்டர் போட்டுக்கலாம்."

அந்த அடுத்த வாட்டி நாளைக்கு. வட்டம் போய்விட்டால் இந்த வாசலில் கழற்றிவைக்க வேறு யாருடைய காலணியும் கிடையாது. முனகல் மட்டும்தான் துணை.

ஆகவே அன்று சனிக்கிழமை அவர் வேட்டையாடினார். பிளக்கைத் திருப்பிச் செருகினார். கம்பிகளை மாற்றினார். ஃப்ரிட்ஜைப் பிடுங்கினார். மெயின் போர்டுக்குப் போய் ஒவ்வோர் அறையாக இருட்டாக்கிக்கொண்டே வந்தார்; கடைசியில் மழை பெய்யும் சாயங்காலத்தில் வீடு முழுவதும் அணைந்து, சூடு இறங்கி, ஆம்ப்ளிஃபையரின் சிவப்புப் பொட்டு ஒன்றுதான் எரிந்தது. முனகல் அப்படியே இருந்தது. எட்டி மூடியில் கை வைத்தார். நின்றது. எடுத்தார். வந்தது. நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

நின்றது.

அவர் இரண்டு கைகளையும் மடியில் வைத்திருந்தார். அதைக் குனிந்து பார்த்து நிச்சயப்படுத்திக்கொண்டார். கம்பளத்தின் ஈர வாசனைக்கு நடுவே மெல்லக் கற்பூரம் மணத்தது. மின்னழுத்தம் ஏறி இறங்கும், அதுதான், என்று முப்பது பிள்ளைகளுக்குக் கேட்கும்படி உரக்கச் சொன்னார். கூடத்தில் யாரும் குறிப்பெடுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் காலை ஓடென்ஸ் வரை காரை ஓட்டிப் போய், தெரிந்த முகம் எதுவும் இல்லாத ஒரு கடையில் அந்த பிளாஸ்டிக் அடாப்டரை வாங்கினார். களவு செய்தவர் போலக் கோட்டுக்குள் மறைத்துக்கொண்டு பிற்பகலில் வந்து சேர்ந்தார். கதவைத் திறந்தார்.

வீடு அமைதியாக இருந்தது.

சிவப்புப் பொட்டு எரிந்தது. பிளக் சுவரில் இருந்தது. அடாப்டர் அவர் கோட்டுக்குள், உறை பிரிக்காமல் இருந்தது. அவர் கூடத்துக்குள் காலை வைத்தார். இந்த முறை முனகல் திரும்ப வரவில்லை. மூடியைப் பார்க்காமல் சுவரோரமாக நடந்தார். குனிந்து செருகினால் போதும். அதற்கு அந்த முக்காலிக் குழிகளுக்கு மேலே கையை நீட்ட வேண்டும்.

அழைப்புமணி அடித்தது.

மெழுகுவர்த்திகள் ஏற்றினார்கள், பெனெடிக்டே லவங்கப்பட்டை ரொட்டி கொண்டுவந்திருந்தாள், கடிகாரங்கள் கிண்ணத்தில் விழுந்தன. ஃப்ளெமிங் நேரே போய் ஒலிபெருக்கியில் காதை ஒட்டினான். ஒட்டியபடியே நின்றான்.

"ஒண்ணுமே கேக்கலையே. எப்படிப்பா?"

சொல்லிவிடலாம் என்று டோர்கிலுக்கு வாய்வரை வந்தது. எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"காது வேணும், ஃப்ளெமிங். காது."

தட்டு சுழன்றது. வயலின்கள் சுத்தமான அமைதியிலிருந்து எழுந்தன. நடு நாற்காலியிலிருந்து டோர்கில் மூடியைப் பார்த்தார். மெருகேற்றிய உலோகத்தில் மெழுகுவர்த்திச் சுடர்கள் வரிசையாக ஆடின. ஓர் இடத்தில் மட்டும் ஆடவில்லை. அங்கே வெளிச்சம் விழவில்லை. மங்கலான ஒரு திட்டு. அதிலிருந்து ஐந்து கிளைகள்.

"லிஸ்பெத் இருந்தா எவ்வளவு சந்தோஷப்படுவா" என்று பெனெடிக்டே கிசுகிசுத்தாள். "அங்கதானே உக்காந்திருப்பா."

பக்கம் முடிந்தது. தட்டைத் திருப்ப அவர்தான் எழுந்து போக வேண்டும்; வேறு யாரையும் அவர் தொட விட்டதில்லை. போனார். திருப்பினார். ஊசியை இறக்கக் குனிந்தபோது, இடுப்பு உயரத்திலிருந்து, உட்கார்ந்திருப்பவர் அண்ணாந்து பேசுவது போல, களைத்த குரல்.

"கையை எடுக்கலாமா?"

ஊரிலேயே நல்ல காது. தப்பாகக் கேட்டிருக்க வழியில்லை. பின்னால் ஃப்ளெமிங் உட்கார்ந்திருந்தான். சோபாவில் மற்றவர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

"இந்தப் பக்கம் முடியட்டும்" என்றார் டோர்கில்.

"என்ன சொன்ன?" என்றான் ஃப்ளெமிங்.

"ஒண்ணுமில்ல."

ஊசியை இறக்கிவிட்டு நாற்காலிக்குப் பாதி தூரம் கூட அவர் போகவில்லை. முனகல் வெடித்தது. இதுவரை இல்லாத முனகல், தரைப்பலகை அதிர, கிண்ணத்துக் கடிகாரங்கள் கலகலக்க. ஃப்ளெமிங்கின் உதட்டோரம் ஏறத் தொடங்கியது. டோர்கில் பாய்ந்தார். கம்பளத்தில் முட்டி மோத மண்டியிட்டு மூடியில் உள்ளங்கையை அறைந்தார்.

அமைதி.

அப்பாடா என்று கையை எடுக்கப் போனார். அவர் புறங்கையின் மேல் இன்னொரு கை வந்து அமர்ந்தது.

குளிர்ந்த கை. வெடித்த உள்ளங்கை. களிம்பின் பிசுபிசுப்பு.

"பாருங்களேன்" என்றாள் பெனெடிக்டே. "அவ மாதிரியே."

சுருசுரு என்றது. விரல்களில். மணிக்கட்டில். எறும்புகள் வரிசை கட்டி முழங்கையைத் தாண்டின. அவர் இழுத்தார். அசையவில்லை. வாயைத் திறந்தார், எல்லோர் கண்ணும் ஈரமாக இருந்தது.

"நீ அப்படியே இரு" என்றான் ஃப்ளெமிங், முதன்முறையாகக் கேலி இல்லாமல். "நாங்க பூனை மாதிரி போயிடறோம்." கடிகாரங்களைச் சத்தமில்லாமல் பொறுக்கிக்கொண்டார்கள். மெழுகுவர்த்திகளை ஊதினார்கள், ஒன்றைத் தவிர. கதவு சாத்திக்கொண்டது.

எறும்புகள் தோளில். பிறகு நெஞ்சில்.

"கையை எடுக்கலாமா?" என்றார் டோர்கில்.

காதருகே கற்பூரம் மணத்தது.

"இந்தப் பக்கம் முடியட்டும்."

வயலின்கள் எப்போதோ ஓய்ந்திருந்தன. தட்டின் கடைசி வளையத்தில் ஊசி மட்டும் சுற்றிச் சுற்றி டக், டக் என்று தட்டிக்கொண்டிருந்தது. எஞ்சிய ஒரு சுடர் மூடியில் அவர் முகத்தைக் காட்டியது. மண்டியிட்ட கிழவர், நீட்டிய கை, கையின் மேல் ஒன்றுமில்லை, புறங்கைத் தோலில் மட்டும் விரல் விரலாக ஐந்து குழிகள், அழுந்தி, இன்னும் அழுந்தி.